வீட்டுப் பட்டறையில் மரமும் இரும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரப்பலகையை மேலேயும் இரும்புச் சட்டத்தைக் கீழேயும் வைத்து மேசை, பெஞ்சு, அலமாரி செய்யத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. ஒருவருக்குச் சொன்னதையே அடுத்தவருக்கும் சொல்லிக்கொண்டிருந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னேயும் சிக்கலானவை பின்னேயும் வருகின்றன. ஒருமுறை விளக்கியதைத் திரும்ப எழுதாமல், அந்தக் கேள்வியின் எண்ணைக் குறித்திருக்கிறேன்.

1. எனக்கு மர வேலையும் தெரியாது, வெல்டிங்கும் தெரியாது. முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

மரத்தை. இரும்புக் குழாயைக் கொஞ்சம் குறைவாக அறுத்துவிட்டால் ஒரு துண்டை வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம். மரத்தைக் குறைவாக அறுத்தால் அந்தத் துண்டு போனதுதான். அளப்பதிலும் குறிப்பதிலும் கவனத்தைப் பழக்குவது இந்த மன்னிக்காத குணம்தான். அந்தப் பழக்கம் பிறகு இரும்பு வேலைக்கும் அப்படியே உதவும்.

முதல் பொருளாக ஒரு சிறிய முக்காலியையோ பெஞ்சையோ செய்யுங்கள். இழுப்பறை வைத்த மேசையை முதல் வேலையாக எடுத்துக்கொண்டவர்களில் முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

2. கடையில் போய் நின்றால் எல்லாமே தேவை போலத் தெரிகிறது. உண்மையில் எதெல்லாம் வேண்டும்?

மரத்துக்கு ஒரு நல்ல ரம்பம், 12 மற்றும் 25 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு உளிகள், ஓர் இழைப்புளி, அவற்றைத் தீட்டச் சாணைக்கல், ஒரு கொட்டாப்புளி, ஒரு டிரில் ஆகியவை போதும். இரும்புக்கு 100 மில்லிமீட்டர் வட்டு பொருந்தும் கிரைண்டர், அரங்கள், துளைக்குமுன் புள்ளி குத்தும் சென்டர் பஞ்ச் ஆகியவை வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக அளவுநாடா, எஃகு அளவுகோல், மூலைமட்டம். மீதிப் பணம் முழுவதையும் கிளாம்புகளில் போடுங்கள். ஆறு கிளாம்புகள் உள்ள பட்டறையில் நடக்கும் வேலை, விலையுயர்ந்த மேசை ரம்பமும் இரண்டே கிளாம்புகளும் உள்ள பட்டறையில் நடக்காது.

மூலைமட்டத்தை வாங்கும்போதே சோதித்துவிடுங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு போட்டு, பிறகு மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் மட்டம் சரி. விலகினால், தெரியும் விலகலில் பாதியளவு மட்டத்தில் பிழை இருக்கிறது.

3. இருப்பது ஒரே அறை. அதிலேயே மரமும் அறுத்து வெல்டிங்கும் செய்யலாமா?

ஒரே நாளில் இரண்டையும் செய்யாதீர்கள். கிரைண்டரிலிருந்து கிளம்பும் பொறி பல மீட்டர் பறக்கும். தொழிற்கூடங்களில் பொறி பறக்கும் வேலையைச் சுற்றி ஏறத்தாழ 11 மீட்டர் ஆரத்துக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது என்று விதி வைத்திருப்பது அதனால்தான். வீட்டு அறையில் அவ்வளவு இடம் கிடையாது. அதைவிடத் தந்திரமான சங்கதி, மரத்தூளில் விழுந்த பொறி உடனே தீயாக எழாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து, நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகு பற்றிக்கொள்வது. தூள் உறிஞ்சி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் அருகில் ஓர் இரும்புப் பட்டையைத் தேய்த்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து அதன் பையிலிருந்து புகை வருவதைப் பார்த்தவன் நான். அன்றிலிருந்து இரும்பு வேலை திறந்தவெளியில்தான்.

வெளியில் செய்ய வழியில்லையென்றால், முதல் நாள் தூளை முழுவதும் கூட்டி வெளியேற்றி, தின்னர், வார்னிஷ் டப்பாக்களை வேறிடத்துக்கு மாற்றி, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருங்கள். இரும்புத் தூள் மரத்தில் படிவதும் தொல்லைதான்; அதன் விளைவைப் 17-ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

முகக்கவசம் வேண்டுமா என்பதையும் இத்துடனேயே கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1995-இல் வெளியிட்ட தொகுதியில் மரத்தூளையும், 2018-இல் வெளியிட்ட தொகுதியில் வெல்டிங் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. மூக்கில் கட்டும் கைக்குட்டை இரண்டுக்கும் உதவாது.

4. கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் வட்டை மாட்டி வேலையை முடிக்கலாமா?

கூடாது. சிறிய கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுகளுக்கு அருகில் சுழல்வது. மர ரம்ப வட்டுகளில் பெரும்பாலானவை அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. பல் மரத்தில் சிக்கினால் கருவி கையை உதறிக்கொண்டு உடம்பை நோக்கித் திரும்பும். உலோக வட்டையும், அதில் அச்சிட்டுள்ள சுற்று எண்ணிக்கையைப் பார்த்தே மாட்டுங்கள்; காப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள்.

5. எந்த மரம் நல்லது? பிளைவுட் போட்டால் மட்டமாகிவிடுமா?

வேலையைப் பொறுத்தது. நீண்ட காலம் கைபடும் மேசைத்தட்டுக்கு வைரம் பாய்ந்த கட்டை நல்லது. வெளிப்புறத்து வெண்பகுதியைப் பூச்சி விரைவில் அரிக்கும். இரும்புச் சட்டத்துக்குள் அடங்கி உட்கார வேண்டிய பலகைக்கோ பிளைவுட்தான் சிறந்தது. அதில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அது ஏறக்குறைய அசைவதே இல்லை. அதை மட்டமான பொருள் என்று ஒதுக்குபவர்கள் 9-ஆம் கேள்வியைப் படித்துவிட்டு முடிவெடுக்கலாம். விளிம்பில் 6 மில்லிமீட்டர் கனத்தில் மரப்பட்டை ஒட்டிவிட்டால் அடுக்குகள் வெளியே தெரியாது.

பழைய கட்டைகளைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். பயன்படுத்தலாம், அவை நன்றாகக் காய்ந்தும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு அங்குலத்திலும் காந்தத்தை ஓட்டி உள்ளே புதைந்த ஆணிகளைக் களைய வேண்டும். மிகப் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும் என்று கருதி, அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். சரக்குத் தட்டுகளைப் பிரித்தெடுத்த பலகையில் எச்.டி. என்ற முத்திரை இருந்தால் அது வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தியது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

6. மரம் காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்தால் தெரியுமா?

அனுபவசாலிக்கு ஓரளவு தெரியும். மற்றவர்களுக்கு ஈரமானி வேண்டும். அது இல்லையென்றால் சமையலறைத் தராசு போதும். ஒரு துண்டை வெட்டி எடைபோட்டு, 103 பாகை செல்சியஸ் சூட்டில் எடை மேலும் குறையாத வரை அடுப்பில் உலர்த்தி மீண்டும் எடைபோடுங்கள். இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரப்பதத்தின் சதவீதம் வரும். பலகையின் நுனி மற்ற இடங்களைவிட விரைவில் காய்வதால், துண்டை நுனியிலிருந்து எடுக்காமல் அரை மீட்டராவது உள்ளே தள்ளி எடுக்க வேண்டும்.

எந்த எண் வந்தாலும், பலகையை அது வாழப்போகும் அறையிலேயே, இடையிடையே குச்சிகள் வைத்து அடுக்கி இரண்டு மூன்று வாரம் விட்டு வையுங்கள். வாங்கி வந்த அன்றே இழைத்துப் பூட்டிய பலகைதான் பிறகு முறுக்கிக்கொள்ளும்.

7. இரும்புக் குழாய் எந்த அளவில், எவ்வளவு கனத்தில் எடுப்பது?

நாலு பேர் உட்காரும் மேசைக்கு 40 × 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனத்தில் போதும். இது மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ எடையுள்ளது. 1200 × 600 அளவுள்ள சட்டத்துக்கும் நான்கு கால்களுக்கும் சேர்த்து ஆறரை மீட்டர் பிடிக்கும் என்பதால், சட்டம் மட்டும் 15 கிலோ வரும். பலம் வேண்டும் என்று 3 மில்லிமீட்டருக்குப் போனால் 21 கிலோவைத் தாண்டும், ஆனால் மேசை அதனால் குறிப்பிடத்தக்க அளவு உறுதியாகிவிடாது. பெரும்பாலான முதல் மேசைகள் தேவைக்கு இரண்டு மடங்கு கனமாக இருப்பதைப் பார்க்கிறேன். பூமியில் நட்டுவிட்டதுபோல, தூக்கிக் கூட்ட முடியாமல் கிடக்கும். முக்காலிக்கும் சிறு பெஞ்சுக்கும் 25 × 25 குழாயே தாராளம்.

1.2 மில்லிமீட்டர் கனக் குழாய் எடை குறைவுதான், ஆனால் புதிதாக வெல்டிங் பழகுபவர் கையில் ஓட்டை விழும். பழகும் வரை 2 மில்லிமீட்டரிலேயே இருங்கள்.

8. மேசை எவ்வளவு உயரம், நாற்காலி எவ்வளவு உயரம்?

மேசைத்தட்டின் மேல்மட்டம் தரையிலிருந்து 730 முதல் 760 மில்லிமீட்டர். இருக்கை 430 முதல் 450. இரண்டுக்கும் நடுவே 270 முதல் 300 மில்லிமீட்டர் இருந்தால் கை இயல்பாகப் படியும். தட்டுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டத்தைக் கணக்கில் சேர்க்க மறந்து, முழங்கால் இடிக்கும் மேசையைச் செய்துவிடாதீர்கள். தட்டு 30, சட்டம் 40 என்றால் மொத்தம் 70 மில்லிமீட்டர் தொடைக்கு மேலுள்ள இடத்திலிருந்து போய்விடும்.

9. தேக்குப் பலகைகளை ஒட்டி மேசைத்தட்டு செய்து, இரும்புச் சட்டத்தில் பன்னிரண்டு திருகு போட்டு அசையாமல் இறுக்கினேன். ஆறு மாதத்தில் நடுவில் பிளந்துவிட்டது. மரம் மட்டமானதா?

மரத்தின்மேல் குற்றமில்லை; அசையாமல் இறுக்கியதுதான் குற்றம். மரம் வெட்டிய பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிப் பருப்பதும், விட்டுச் சுருங்குவதுமாக இருக்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாத அளவு, குறுக்குவாக்கில்தான் நடக்கிறது. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரும்போ ஈரத்துக்கு அசைவதே இல்லை. அசையும் ஒன்றை அசையாத ஒன்றோடு இரண்டு ஓரங்களிலும் பூட்டினால், வறண்ட காலத்தில் மரம் உள்ளே இழுக்கும், திருகு விடாது. எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். எந்த வார்னிஷும் இதைத் தடுக்காது, சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

சரியான முறை இது. சட்டத்தின் குறுக்குப் பட்டைகளில், பலகையின் நடுக்கோட்டில் மட்டும் வட்டத் துளை போடுங்கள். இரு ஓரங்களிலும், பலகையின் அகலவாக்கில் நீண்ட துளை போடுங்கள். 6 மில்லிமீட்டர் திருகுக்கு 14 மில்லிமீட்டர் நீளம் போதும். அகன்ற வாஷர் வைத்து, பலகை சட்டத்தோடு படியும் அளவுக்கு இறுக்கி அத்தோடு நிறுத்துங்கள். நடு நிலையாக நிற்க, இரு பக்கமும் தானாக வந்து போகும். நீண்ட துளை போடுவது தொல்லையென்றால், சட்டத்தின் உதட்டைப் பிடித்துக்கொள்ளும் இசட் வடிவத் தகடுகளும் இதே வேலையைச் செய்யும்.

இதே காரணத்தால்தான், நாற்புறமும் எல்-ஆங்கிள் சட்டம் செய்து அதற்குள் மரப்பலகையைக் கச்சிதமாக இறக்கி வைப்பதும் ஆபத்து. ஈரமான மாதங்களில் பலகை பருத்துச் சட்டத்தின் வெல்டையே பிரித்த மேசையைப் பார்த்திருக்கிறேன். அந்த வடிவம்தான் வேண்டுமென்றால் பிளைவுட் போடுங்கள்.

10. அசையும் அசையும் என்கிறீர்கள். எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல முடியுமா?

சொல்லலாம். தேக்கு, பச்சை மரமாக இருந்து முழுவதும் உலரும்வரை வளையத் திசையில் சுமார் 5.8 சதவீதமும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். இந்தச் சுருக்கம் ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் தொடங்குகிறது. ஆகவே 5.8-ஐ 30-ஆல் வகுத்தால், ஈரப்பதம் ஒரு சதவீதம் மாறும்போது தேக்கு அகலத்தில் சுமார் 0.2 சதவீதம் மாறுகிறது. 750 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டில் ஈரப்பதம் 8-லிருந்து 12 சதவீதமானால் மாற்றம் 6 மில்லிமீட்டர். நடுவில் பூட்டியிருந்தால் பக்கத்துக்கு 3. முன் விடையில் சொன்ன 14 மில்லிமீட்டர் துளை இதற்குத் தாராளமாகப் போதும்.

அடங்கிய மரம் என்று தேக்கு பெயரெடுத்ததே இதனால்தான். வெள்ளை ஓக் மரத்தில் வளையத் திசைச் சுருக்கம் 10.5 சதவீதம் என்பதால், அதே தட்டு பத்து மில்லிமீட்டருக்கு மேல் அசையும். ஒப்பிட்டுப் பார்க்க, 750 மில்லிமீட்டர் எஃகு 25 பாகை சூடேறினாலும் கால் மில்லிமீட்டர்கூட நீளாது.

11. திருகே வேண்டாம், பலகையை இரும்போடு பசை போட்டு ஒட்டிவிட்டால்?

மரப்பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டும் வெள்ளைப் பசை மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் பிடிப்பது. வழுவழுப்பான இரும்பில் அதற்குப் பிடிமானம் இல்லை. இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் எபாக்சிப் பசை இரும்பையும் பிடிக்கும், ஆனால் முந்தைய இரு விடைகளில் சொன்ன அசைவை அதனால் தடுக்க முடியாது. ஒன்று பசை விடும், அல்லது மரம் பிளக்கும். எபாக்சி உதவுவது நீளவாக்கில்: மரக்காலின் நுனியில் துளையிட்டு மரையுள்ள கம்பியைப் புதைப்பதற்கு அதைவிட நல்லது இல்லை. கம்பியை முரட்டு உப்புத்தாளில் தேய்த்து, அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

தேக்குப் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டும்போதும், அதன் இயற்கை எண்ணெய் பசையைத் தள்ளிவிடாமலிருக்க, ஒட்டுவதற்குச் சற்று முன் விளிம்புகளை அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

12. வெல்டிங் பயமாக இருக்கிறது. அது இல்லாமல் இரும்புச் சட்டம் செய்ய முடியாதா?

முடியும். எல்-ஆங்கிளை அறுத்து, துளைத்து, போல்ட் பூட்டியே நல்ல சட்டம் செய்யலாம். ஆனால் ஒரு மூலைக்கு ஒரே போல்ட் என்றால் அது கீலாகத்தான் வேலை செய்யும், சட்டம் பக்கவாட்டில் சாயும். மூலைக்கு மூன்று போல்ட்டுள்ள முக்கோணத் தகடோ, மூலைவிட்டமாக ஒரு பட்டையோ வைத்தால் சாயாது.

வெல்டிங் கற்பதானால் பயம் நல்லதுதான், அது கண்ணாடியை அணிய வைக்கும். கம்பி ராடு வெல்டிங்குக்கு 10 அல்லது 11-ஆம் எண் கருமையுள்ள கண்ணாடி வேண்டும். வெறுங்கண்ணால் ஒரு கணம் பார்த்ததன் வலி அப்போது தெரியாது; சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் தொடங்கும்.

13. அறுக்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது, வெல்டு வைத்ததும் சட்டம் கோணிக்கொள்கிறது. என்ன தவறு?

தவறு எதுவும் இல்லை, உருகிய இரும்பு குளிரும்போது சுருங்கி, தான் இருக்கும் பக்கத்துக்கு இழுக்கிறது. அதைத் தடுக்க முடியாது. ஒரு பக்க இழுப்பை மறுபக்க இழுப்பால் ஈடுகட்டலாம். முதலில் நான்கு மூலைகளிலும் சிறு புள்ளியாக டேக் மட்டும் அடியுங்கள். பிறகு இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள்; 1200 × 600 சட்டத்தில் இரண்டும் 1342 மில்லிமீட்டருக்கு அருகில், முக்கியமாக ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். வேறுபட்டால் நீளமான மூலைவிட்டத்தின் முனையில் தட்டிச் சரிசெய்யலாம். டேக் நிலையில் இரும்பு சொன்னபடி கேட்கும். பிறகு எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக வெல்டு வையுங்கள். 2 மில்லிமீட்டர் குழாய்க்கு 2.5 மில்லிமீட்டர் ராடும் 60 முதல் 80 ஆம்பியரும் பொருந்தும். முழுவதும் ஆறுவதற்குமுன் கிளாம்பைக் கழற்றாதீர்கள்.

இவ்வளவு செய்தும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகும். அதனால்தான் கலப்பு வேலையில் சட்டத்தை முதலில் முடித்து, முடிந்த சட்டத்தை அளந்து மரத்தை வெட்ட வேண்டும். வரைபடத்தின் அளவைப் பார்த்து இரண்டையும் தனித்தனியே செய்து கடைசியில் சேர்க்கப் பார்த்தால், சேராது.

14. துருப்பிடிக்காது என்று கால்வனைஸ்டு குழாய் வாங்கிவிட்டேன். அப்படியே வெல்டு வைக்கலாமா?

வைக்காதீர்கள். அந்தக் குழாயின்மேல் பூசியிருப்பது துத்தநாகம்; அது 907 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிறது. இரும்பு உருகும் சூடு அதைவிட மிக அதிகம். அந்த வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். மூலையைச் சுற்றி 50 மில்லிமீட்டருக்குப் பூச்சைத் தேய்த்தெடுத்தாலும், குழாயின் உட்புறப் பூச்சை எடுக்க முடியாது. இந்தக் குழாயைப் போல்ட் சட்டத்துக்கு வைத்துக்கொண்டு, வெல்டிங்குக்குப் பூச்சில்லாத கறுப்பு இரும்பை வாங்குவதே நல்லது.

இதனோடு ஓர் எச்சரிக்கை. குளோரின் கலந்த துடைப்புத் திரவங்களால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு வெல்டு வைத்தால், அந்த ஒளியிலும் சூட்டிலும் பாஸ்ஜீன் என்ற கொடிய வாயு உண்டாகலாம். அசிட்டோனைப் பயன்படுத்தி, அது முழுவதும் காய்ந்த பிறகே தொடங்குங்கள்.

15. குழாயில் மரை வெட்டி போல்ட் போட்டேன். இரண்டாம் முறை கழற்றியதும் மரை போய்விட்டது.

6 மில்லிமீட்டர் போல்ட்டின் ஒரு மரை ஒரு மில்லிமீட்டர் உயரம். 2 மில்லிமீட்டர் கனக் குழாயில் இரண்டே மரைகள்தான் கிடைக்கும், அவை நிற்காது. போல்ட்டின் விட்டம் அளவுக்காவது இரும்பின் கனம் இருந்தால்தான் மரை நம்பகமானது. மெல்லிய குழாயில் ரிவெட் நட் (துளைக்குள் நசுங்கிப் பிடித்துக்கொள்ளும், உள்ளே மரையுள்ள குழல்) போடுங்கள், அல்லது உள்ளே ஒரு நட்டைப் பற்றவையுங்கள். 6 மில்லிமீட்டர் தகட்டில் மரை வெட்டுவதானால், 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 5 மில்லிமீட்டர் துளை. 10 மில்லிமீட்டர் தகட்டில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 6.8.

16. மரத்தில் திருகு போடும்போது ஒன்று மரம் பிளக்கிறது, இல்லையென்றால் திருகு உடைகிறது.

முன்துளை போடவில்லை என்று பொருள். 4 மில்லிமீட்டர் திருகுக்கு மென்மரத்தில் 2.5, கடின மரத்தில் 3 மில்லிமீட்டர் துளை. மரையில் சிறிது மெழுகு தடவுங்கள். பித்தளைத் திருகு மிருதுவானது. அதே அளவு எஃகுத் திருகை முதலில் ஏற்றி, எடுத்துவிட்டு, பிறகு பித்தளையைப் போட வேண்டும்.

17. இரும்பு தொட்ட இடத்தில் மரம் கறுத்துப்போகிறது. பூஞ்சையா?

பூஞ்சையாக இருக்க வாய்ப்புக் குறைவு. மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கும் கருமை அது. பழங்காலத்து மை இதே வினையில்தான் செய்யப்பட்டது. ஓக் போன்ற துவர்ப்பு மிகுந்த மரங்களில் ஒரே இரவில் தெரியும். கிரைண்டர் வேலைக்கு அருகில் வைத்த பலகையில், தண்ணீர் பட்டதும் கரும்புள்ளிகள் தோன்றுவதும் இதே காரணத்தால்தான்.

ஆக்சாலிக் அமிலக் கரைசல் கறையைப் போக்கும்; அது நச்சுப் பொருள் என்பதால் கையுறை அணிந்து தடவி, பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். மீண்டும் வராமலிருக்க, தொடும் பரப்பில் இரும்புக்குப் பெயின்டும் மரத்துக்கு வார்னிஷும் முன்கூட்டியே பூசிவிடுங்கள். திருகுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடுங்கள்.

18. இரும்பில் அடித்த பெயின்ட் தகடு தகடாக உரிகிறது. நல்ல பெயின்ட்தானே வாங்கினேன்?

பெயின்ட் இரும்பைப் பிடிக்கவில்லை, இரும்பின்மேல் இருந்த கருநீலப் படலத்தைப் பிடித்தது; படலம் உதிரும்போது பெயின்டையும் கூட்டிப்போகிறது. சூட்டில் உருட்டிய இரும்பில் இது எப்போதும் இருக்கும். கிரைண்டரில் தேய்த்தெடுக்கலாம். சிறு துண்டுகளை வினிகரில் ஓரிரவு ஊறவைத்துத் துடைத்தாலும் போய்விடும். பிறகு சோடா உப்புக் கலந்த நீரில் கழுவி, உடனே துடைத்துக் காயவைத்து, அதே நாளில் பிரைமர் அடித்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் செம்மை படர்ந்துவிடும்.

19. மரத்துக்கு எண்ணெய் போடுவதா, வார்னிஷ் போடுவதா?

தினமும் தண்ணீர் படும் மேசைத்தட்டுக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ள விரும்பினால் எண்ணெய். எதுவானாலும் 80, 120, 180 என்று உப்புத்தாளைப் படிப்படியாக ஏற்றி, ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து முடிக்க வேண்டும். தட்டின் அடிப்பக்கத்துக்கும் மேற்பக்கத்துக்குப் போட்ட அதே அளவு பூச்சு போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை ஈரத்தை ஒரு பக்கமாக வாங்கி, கிண்ணம்போல் குழியும்.

ஆளிவிதை எண்ணெய் தடவிய துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காய்வதே காற்றோடு வினைபுரிந்துதான்; அந்த வினை வெப்பத்தை விடுகிறது. சுருண்ட துணிக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து, ஒற்றையாகத் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

20. மேசை ஆடுகிறது. எந்தக் காலை அறுப்பது?

அறுப்பதற்குமுன் எந்த ஆட்டம் என்று பாருங்கள். எதிர்மூலைகளை மாற்றி மாற்றி அழுத்தினால் டொக்கு டொக்கென்று ஆடினால், கால்கள் சமமில்லை, அல்லது தரை சமமில்லை. மேசையைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். ஆடும் கால் மாறினால் தரைதான் காரணம். இரண்டுக்குமே, காலடியில் நட் பற்றவைத்துத் திருகும் பாதம் போடுவதுதான் மருந்து. மேசை முழுவதும் பக்கவாட்டில் தள்ளாடினால் அது மூலை இணைப்பின் பலவீனம், 12-ஆம் விடையில் சொன்ன முக்கோணத் தகடு வேண்டும்.

மரக்கால்களில் இந்தத் தள்ளாட்டம், பெரும்பாலும் கழுந்து (ஒரு துண்டின் நுனியில் செதுக்கி மற்றதன் துளைக்குள் நுழைக்கும் நாக்கு) துளைக்குள் தளர்ந்திருப்பதால் வருவது. சட்டத்தின் கனத்தில் மூன்றிலொரு பங்கு கனத்தில் கழுந்தை எடுத்து, கையால் அழுத்தினால் நுழையும், தலைகீழாகப் பிடித்தால் விழாது என்ற பதத்தில் பொருத்த வேண்டும்.

21. ஒரு மீட்டர் அகலப் புத்தக அலமாரியில் தட்டு தொங்கிவிட்டது. கனமான பலகை போடுவதா, கீழே இரும்பு கொடுப்பதா?

முதலில் இடைவெளியைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். புத்தகம் வரிசையாக நிரம்பிய தட்டில் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு பதினாறு மடங்காகும். நடுவில் ஒரு தாங்கி கொடுத்தாலே பிரச்சினை தீரும். அது முடியாதபோது, கனத்தை 18-லிருந்து 25 மில்லிமீட்டராக்கினால் தொய்வு முன்பிருந்ததில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்குக் குறைந்துவிடும், ஏனென்றால் விறைப்பு கனத்தின் மும்மடியில் ஏறுகிறது.

இரும்பு கொடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 25 × 5 மில்லிமீட்டர் பட்டையைத் தட்டையாகப் படுக்கவைத்துத் திருகினால் பயன் ஏறக்குறைய இல்லை. அதே பட்டையை நெட்டுக்குத்தலாக, விளிம்பில் நிறுத்திப் பொருத்தினால் அதன் விறைப்பு இருபத்தைந்து மடங்கு. 300 மில்லிமீட்டர் அகலமுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட் தட்டின் விறைப்பை அந்த ஒரு பட்டையே ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடும். தட்டின் முன்விளிம்பில் காடி (நீண்ட பள்ளம்) எடுத்து உள்ளே பதித்துவிட்டால் வெளியிலும் தெரியாது. பலகையின் நீளவாக்கில் பொருத்துவதால் இங்கே 9-ஆம் விடையின் அச்சம் இல்லை.

22. தோட்டத்தில், மழையிலும் வெயிலிலும் கிடக்கும் பெஞ்சு செய்ய வேண்டும். வீட்டுக்குள் செய்வதிலிருந்து எது மாறும்?

ஒரே அகலத் தட்டை விட்டுவிட்டு, 80 அல்லது 90 மில்லிமீட்டர் அகலப் பட்டிகளை 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்குங்கள். ஒவ்வொரு பட்டியும் தனித்தனியே அசைந்துகொள்ளும், தண்ணீரும் தங்காது. பட்டியின் நடுக்கோட்டிலேயே திருகு போட்டால் நீண்ட துளை தேவையில்லை.

இரும்புக் குழாய் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்து துருப்பிடிப்பதே அதிகம். திருகுத் துளை வழியே இறங்கிய நீர் வெளியேற வழியின்றிக் கீழ் மூலையில் தேங்கும். நன்றாகப் பெயின்ட் அடித்த கால் ஒருநாள் தட்டினால் பொடிந்துபோகும். எனவே ஒவ்வொரு குழாயின் தாழ்ந்த இடத்திலும் 6 மில்லிமீட்டர் வடிதுளை விடுங்கள். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் திருகு போடுவதானால், இரண்டும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டு அலுமினியம் அரிக்காமலிருக்க, நடுவே நைலான் வாஷர் வைக்க வேண்டும். மரக்கால் மண்ணைத் தொடும்படி இருந்தால், அடி நுனிதான் தண்ணீரை உறிஞ்சும் வாய். அங்கே எபாக்சியைத் தடவி, அது உள்ளே இறங்கியதும் இன்னொரு முறை தடவுங்கள், மூன்றாம் முறை பூசும்போது மேலே பளபளப்பாக நின்றுவிட்டால் போதும்.